முந்நூற்று முப்பது நாள்

தயாபரன் என்ற பெயரை அந்தக் கடிதத்தில் கண்டதும் ஆன்சலாவுக்கு உச்சந்தலைவரைக்கும் சுர்ரென்று ஏறியது. கையிலிருந்த தேநீரைக் குடிக்கவும் மறந்தாள், கீழே வைக்கவும் மறந்தாள். ஒன்பது வருடமாக அவள் தேடித்திரிந்த பெயர், தானாகவே வந்து மேசையில் குந்தியிருக்கிறது! ஆண்டவர் இருக்கிறார் என்று அன்றைக்குத்தான் அவள் முழுசாக நம்பினாள் என்று சொன்னால் சிரிக்காதீர்கள். ஆண்டவரை இப்படியான அலுவல்களுக்கும் நாங்கள் கூப்பிடுகிறவர்கள்தானே.

கடிதத்தில் புதினமான பெரிய செய்தி ஒன்றும் இல்லை. அக்கராயனில் நெல் விதைக்கிற கமக்காரரின் அமைப்பு மூன்று கோடி ரூபாயில் அரிசி ஆலை ஒன்று போடப்போகிறது. இரண்டு கோடியை ஓர் உதவி நிறுவனம் கொடுக்கும், மிச்சத்தைக் கமக்காரர் தங்களுக்குள் பங்கு போட்டுச் சேர்க்கத் தொடங்கிவிட்டார்கள். திட்ட அறிக்கையை எழுதியவர் ஆலோசகர் தயாபரன். இவ்வளவு காசைப் போட்டால் திரும்பி வருமா வராதா என்று கணக்குப் பார்க்கும் பாடம் உங்கள் கல்லூரியில் இருக்கிறதாமே, பிள்ளைகள் இந்த அறிக்கையைச் சரிபார்த்து மாசி முடிவதற்குள் எங்களுக்குச் சொல்வார்களா என்று உதவி நிறுவனம் கேட்டிருந்தது. கமக்காரர் முன்னிலையில் சொன்னால் நல்லது. ஆலோசகரும் நடுவராக வந்திருப்பார். அந்த மனிதருக்கு மேடையும் மாலையும் என்றால் உயிர்.

பளைக்குப் போகிற வழியில் புதிதாக வந்த அந்தப் பொறியியல் கல்லூரியில், மூன்றாம் வருடப் பிள்ளைகளுக்கு அந்தப் பாடத்தைப் படிப்பிக்கிறவள் ஆன்சலாதான். அவளுடைய ஊர் முல்லைத்தீவுக் கரை. தகப்பன் ஸ்ரீபன் ஒரு காலத்தில் அங்கே கடற்றொழிலாளர் சங்கத் தலைவர். அப்போது இதே தயாபரன் வெள்ளைச் சேட்டும் நீலப் பைலுமாக வந்து, உங்கள் ஊருக்கு ஒரு ஐஸ் பக்டரி போட்டால் நாலு வருடத்தில் போட்ட முதல் திரும்பும் என்று சொன்னான். அறிக்கை முழுக்க இங்கிலீஷ். எட்டாம் வகுப்போடு கடலுக்குப் போன ஸ்ரீபனுக்கு அதில் தன்னுடைய பெயர் மட்டும்தான் தெரிந்தது. பெயருக்கு நேரே கையெழுத்துப் போட்டார். சனம் காப்பையும் தோட்டையும் விற்றுப் பங்கு போட்டது.

பக்டரி மூன்று வருடத்தில் மூடப்பட்டது. அந்த அறிக்கையை ஆன்சலா கம்பசில் இரண்டாம் வருடம் படிக்கிறபோது எடுத்து வாசித்தாள். வருடத்துக்கு முந்நூற்று முப்பது நாள் ஐஸ் விற்கும் என்று இருபத்தோராம் பக்கத்தில் இருந்தது. முந்நூற்று முப்பது நாளா! அட பாவி! வேதக்காரச் சனம் ஞாயிற்றுக்கிழமையில் வள்ளம் இறக்காது. தவக்காலத்துப் பெரிய கிழமையில் இறக்காது. அந்தோனியார் திருநாளில் இறக்காது. கார்த்திகை தொடங்கித் தை வரைக்கும் கடல் பேய் பிடித்து ஆடும், இறக்க நினைத்தாலும் ஏலாது. மிஞ்சிப் போனால் இருநூறு நாள். கரையில் நிற்கிற எந்தப் பொடியனைக் கேட்டாலும் சொல்லியிருப்பான். தயாபரன் யாரையும் கேட்கவில்லை. கொழும்பில் இருந்துகொண்டு எழுதினான், கூலியை வாங்கினான், போய்விட்டான்.

சனத்தின் கோபத்துக்கு எட்டின தூரத்தில் இருந்தது ஸ்ரீபன் மட்டும்தான். பூசையில் சமாதானம் பகிருங்கள் என்று பாதர் சொல்லும்போது எல்லாரும் ஆளுக்காள் திரும்பிக் கைகூப்புவார்கள் அல்லவா, ஸ்ரீபனின் பக்கம் ஒருவரும் திரும்பவில்லை. ஒரு ஞாயிறு இல்லை, ஒரு வருடம் முழுக்க. அதற்குப் பிறகு அவர் கோயிலுக்குள் போவதை விட்டு, வெளியே பூவரசின் கீழே நின்று பூசை கேட்கத் தொடங்கினார். இன்றைக்கும் அங்கேதான் நிற்கிறார்.

இப்போது விளங்குகிறதுதானே, அந்தக் கடிதத்தை அவள் ஏன் மூன்று தரம் வாசித்தாள் என்று.

அடுத்த நாள் வகுப்பில் அவள் இரண்டு அறிக்கைகளோடு வந்தாள். ஒன்று அக்கராயன் அரிசி ஆலை. மற்றது ஊர்ப்பெயரும் ஆட்பெயரும் மறைத்துப் பிரதி எடுத்த ஐஸ் பக்டரி.

"மெசின்ர விலையில ஒருத்தரும் பொய் சொல்ல ஏலாது, கடையில போய்க் கேட்டுப் பாக்கலாம்," என்றாள். "பொய்யை எங்க ஒளிச்சு வைப்பினம் தெரியுமோ? வருசத்துக்கு எத்தினை நாள் ஓடும் எண்ட இடத்தில. அதைக் கந்தோர் மேசையில இருந்து கண்டுபிடிக்க ஏலாது. சப்பாத்தைக் கழட்டிப்போட்டு இடத்தில இறங்கவேணும்."

பிறகு வெண்பலகையில் வழக்கமான கணக்கைப் போட்டாள். நூற்றுக்குப் பதினைந்து வீத வட்டியில், ஐந்து வருடம் கழித்து வருகிற ஒரு ரூபாய்க்கு இன்றைய பெறுமதி வெறும் ஐம்பது சதம், அதாவது அரை ரூபாய். வரப்போகிற காசை எல்லாம் இப்படி இன்றைய பெறுமதிக்குக் குறைத்துக் கூட்டி, போடுகிற முதலை அதிலிருந்து கழித்தால் மிஞ்ச வேண்டும். மிஞ்சினால் திட்டத்தைச் செய்யலாம், மிஞ்சாவிட்டால் கைவிட வேண்டியதுதான்.

பின்வரிசையில் இருந்து கிருசாந்தன் கையைத் தூக்கினான். வாய்க்காரன். "மிஸ், அப்ப ஐஞ்சு வருசத்துக்குப் பிறகு வாற கோவமும் அரைவாசியாக் குறையுமோ?"

வகுப்பு சிரித்தது. ஆன்சலாவும் சிரித்தாள். "கோவம் குறையாது தம்பி. அது வட்டியோட ஏறும்."

ஐஸ் பக்டரியை அவள் கிருசாந்தனின் குழுவுக்குக் கொடுத்தாள். அரிசி ஆலையை டக்சாயினியின் குழுவுக்குக் கொடுத்தாள். டக்சாயினி அக்கராயன் பிள்ளை, கமக்காரர் அமைப்புத் தலைவர் நடராசாவின் மகள். குளத்துக்குக் கீழே காணி கிடைத்து யாழ்ப்பாணத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பம். அதிகம் பேசமாட்டாள், ஆனால் கணக்கில் புலி. ஒரு வாரம் வயலும் வரம்புமாகத் திரிந்துவிட்டு வந்து சொன்னாள்.

"மிஸ், அறிக்கையில இருநூற்று எண்பது நாள் மில் ஓடும் எண்டு கிடக்கு. ஓடாது. எங்கட ஆக்கள் நெல்லை வீட்டுக்குக் கொண்டுபோறேல்லை. வெட்டு மெசின் வயலை விட்டு ஏறமுதல் அதுக்கு வாடகை குடுக்கவேணும். அதால வரம்பிலயே ஈர நெல்லை லொறிக்காரனுக்குக் குடுத்திடுவினம், அவன் சொன்ன விலைக்கு. மில்லுக்கு ஒரு எழுபது நாளைக்குத்தான் நெல்லு கிடைக்கும்."

"அப்ப கடைசிக் கணக்கு?"

"நட்டம் மிஸ். தொண்ணூறு லட்சத்துக்கு மேல."

ஆன்சலாவுக்கு எழும்பி ஆடவேண்டும் போல இருந்தது. திருந்தவே இல்லை அந்த மனிசன்! அங்கே ஞாயிற்றுக்கிழமையை மறந்தான், இங்கே வெட்டு மெசினை மறந்தான். "கெட்டிக்காரி," என்று டக்சாயினியின் தோளில் தட்டினாள். அது மனதாரச் சொன்னதுதான்.

அதோடு நின்றிருக்கலாம். மூன்றாம் நாள் டக்சாயினி இன்னொரு பக்கத்தோடு வந்து நின்றாள். முகம் முழுக்கச் சிரிப்பு.

"மிஸ், இதை ஓட வைக்கலாம்! உமி பிரிக்கிற மெசினில சின்னதை வாங்கிப்போட்டு, மிச்சக் காசில நெல்லுக் காயவைக்கிற மெசினை முதல் வாங்கவேணும். மில்காரர் வரம்புக்கே வந்து பாதி விலையைக் கையில குடுத்தா ஒருத்தரும் லொறிக்குக் குடுக்கமாட்டினம். நாப்பது வீட்டில கேட்டனான். அப்ப இருநூற்று நாப்பது நாள் ஓடும். எல்லாம் கழிச்சு ஒரு கோடி மிஞ்சுது மிஸ்."

ஆன்சலா அந்தப் பக்கத்தை வாங்கிக்கொண்டு போய்ப் பின்னேரம் முழுக்கப் பிழை தேடினாள். வட்டி வீதத்தை ஏற்றிப் பார்த்தாள், அப்போதும் மிஞ்சியது. நெல் விலையைக் குறைத்துப் பார்த்தாள், கொஞ்சம் குறைந்து மிஞ்சியது. பிழை இல்லை. சத்தியமாக ஒரு பிழையும் இல்லை. இந்தப் பக்கம் மேடைக்கு வந்தால் என்ன நடக்கும்? தயாபரன் எழும்பி, "அருமை பிள்ளை, சின்னத் திருத்தம், சேர்த்துவிடுவோம்," என்று மாலையையும் வாங்கிக்கொண்டு போவான். ஆலையில் அவனுடைய பெயர் கல்லில் வெட்டப்படும். அதை மட்டும் விடக்கூடாது என்று அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள்.

மறுநாள் அவள் டக்சாயினியைக் கூப்பிட்டாள். "உங்களை அறிக்கையைச் சரிபாக்கத்தான் கேட்டது. புது அறிக்கை எழுதக் கேக்கேல்லை. இந்தப் பக்கம் வேண்டாம்."

"ஏன் மிஸ்? கணக்குப் பிழையோ?"

"பிழை எண்டு நான் சொல்லேல்லை. உங்கட அப்பா தலைவர். தகப்பனுக்காண்டி மகள் கணக்கை நிமித்திப்போட்டாள் எண்டு நாளைக்கு நாலுபேர் கதைப்பினம். எனக்கும் மரியாதையில்லை, உங்களுக்கும் மரியாதையில்லை."

பிள்ளையின் முகம் சுண்டிப்போயிற்று. சொல்லிய கையோடு ஆன்சலாவுக்கே தன் வாயில் ஒரு கசப்பு. இருந்தாலும் சொன்னதைத் திருப்பி எடுக்கவில்லை.

மாசி மாதக் கடைசி வியாழன். கல்லூரி மண்டபத்தில் நூற்றைம்பது கமக்காரர். முன்வரிசையில் தயாபரன். நரை விழுந்திருந்தது, சேட்டு அதே வெள்ளை. பக்கத்தில் நடராசா, இவர்தான் எங்கள் ஊருக்கு மில் கொண்டுவருகிறவர் என்று வருகிற ஆட்களுக்கெல்லாம் அவனை அறிமுகப்படுத்திக்கொண்டிருந்தார்.

முதலில் ஐஸ் பக்டரி. கிருசாந்தன் கதை சொல்கிற மாதிரி விளாசினான். தயாபரனுக்கு ஒரே குஷி. தன்னுடைய அறிக்கையைத் தனக்கே அடையாளம் தெரியாதா என்று நீங்கள் கேட்பீர்கள். நாற்பது ஊருக்கு நாற்பது அறிக்கை எழுதுகிறவன், எழுதி முடித்த அன்றே மறந்துவிடுவான். அந்த ஊரில் வாழ்கிற சனம்தான் ஞாபகம் வைத்திருக்கும்.

"முந்நூற்று முப்பது நாளோ!" என்று தயாபரன் மைக்கை வாங்கிச் சிரித்தான். "இதை எழுதினவன் கடலைப் படத்திலகூடப் பாத்திருக்கமாட்டான். வேதக்கார ஆக்கள் ஞாயிற்றுக்கிழமை தொழிலுக்குப் போறேல்லை எண்டு தெரியாதோ? இப்பிடியானவங்களைப் பிடிச்சு உள்ள போடவேணும்!"

கமக்காரர் கைதட்டினார்கள். ஆன்சலா மெதுவாக மேடைக்கு ஏறினாள். "அப்ப சேர், இதை எழுதினவருக்கு எத்தினை புள்ளி குடுப்பியள்?"

"பூச்சியம்! அதுவும் கூடிப்போச்சு."

"பின்னால இருக்கிற ஆக்களுக்குக் கேக்கேல்லை, சேர். இன்னொருக்காச் சொல்லுங்கோ."

அவன் இன்னொருக்காச் சொன்னான், நல்ல சத்தமாக. ஆன்சலா கடைசிப் பக்கத்தைத் திரையில் போட்டாள். மறைக்காத மூலப் பிரதி. தயாபரனின் முழுப்பெயர், பட்டம், கையெழுத்து. கீழே சங்கத் தலைவரின் கோணல் கையெழுத்து.

தயாபரனின் வாய் திறந்தது, மூடியது, திரும்பத் திறந்தது. ஒன்பது வருடப் பட்டினிக்குச் சோறு போட்டது போல ஆன்சலாவுக்கு நெஞ்சு நிறைந்தது. பொய் எதற்கு, அவ்வளவு சந்தோசத்தை அவள் தன் பட்டமளிப்பிலும் அனுபவிக்கவில்லை.

அடுத்தது டக்சாயினி. எழுபது நாள் கணக்கைச் சொல்லி, தொண்ணூறு லட்சம் நட்டம் என்று முடித்துவிட்டு, இறங்காமல் நின்றாள். கையில் மடித்த ஒரு தாள்.

"மிஸ், இன்னும் ஒரு பக்கம்..."

"நன்றி டக்சாயினி. போய் இருங்கோ," என்று ஆன்சலா புரொஜெக்டரை நிற்பாட்டினாள்.

அந்த ஒரு நொடியில் வேறு மாதிரிச் செய்திருக்கலாம் அவள். தயாபரன் விழுந்தாயிற்று, இனி எழும்பமாட்டான். அந்தத் தாளை வாசிக்க விட்டிருந்தால் யாருக்கும் ஒரு குறையும் வந்திராது. ஆனால் பழி ருசியாக இருக்கும்போது யார் பாதியில் கை கழுவுவார்கள்?

பின்வரிசையில் சின்னராசா என்ற கமக்காரர் எழும்பிவிட்டார். "நடராசா! இந்தக் கள்ளனை ஆரடாப்பா கூட்டிக்கொண்டு வந்தது? நீதானே வீடு வீடாத் திரிஞ்சு காசு சேர்த்தனி? எங்கட பங்கைக் கீழ வை!"

பத்துப்பேர் எழும்பினார்கள், பிறகு எல்லாரும் எழும்பினார்கள். நடராசா கையைக் கூப்பிக்கொண்டு என்னவோ சொன்னார், ஒருவருக்கும் கேட்கவில்லை. அந்த அமளியில் தயாபரன் பக்கக் கதவால் நழுவினான். ஆன்சலா ஓடிப்போய், அவன் வாகனத்தில் ஏறுவதற்கு முதல் மறித்தாள்.

"நான் ஸ்ரீபன்ர மகள்."

அவன் வியர்வையைத் துடைத்துக்கொண்டு விழித்தான். "எந்த ஸ்ரீபன்?"

"தெரியாட்டிப் பரவாயில்லை. இனி உங்களுக்கு மறக்காது."

சனிக்கிழமை அவள் முல்லைத்தீவுக்குப் போனபோது ஸ்ரீபன் முற்றத்தில் வள்ள என்ஜினைக் கழற்றி வைத்துக்கொண்டிருந்தார். முழுக்கதையையும் மூன்று தரம் சொல்லவைத்தார். "மூஞ்சை எப்பிடி இருந்தது?" என்று கேட்டார். "சுட்ட கத்தரிக்காய் மாதிரி," என்றாள். சிரித்துச் சிரித்து இருமல் வந்துவிட்டது மனிசனுக்கு. தாய் புனிதமலர் குசினியிலிருந்து ஓடிவந்து முதுகைத் தடவினாள். அவரை அப்படிச் சிரிக்கப் பார்த்து எத்தனை வருடம்!

சிரிப்பு அடங்கினபிறகு, "அப்ப அந்தச் சனத்துக்கு மில் இல்லையோ?" என்றார்.

"இல்லை."

"போட்டா ஓடியிருக்குமோ?"

டக்சாயினிக்குச் சொன்ன நியாயத்தைத் தகப்பனுக்குச் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. "ஓடியிருக்கும். ஒரு பிள்ளை வழி கண்டுபிடிச்சவள்."

"நீ அதைச் சொல்லேல்லையோ?"

ஆன்சலா குனிந்து, கழன்று கிடந்த நட்டுகளைப் பொறுக்கத் தொடங்கினாள்.

"அங்க தலைவர் ஆர்?"

"நடராசா எண்டு ஒருத்தர். அந்தப் பிள்ளையின்ர தகப்பன்."

ஸ்ரீபன் கையிலிருந்த நட்டுக் கழற்றுகிற சாவியைக் கீழே வைத்தார். "அந்த மனிசனோட இனி ஊரில ஆர் கதைக்கப்போகினம்?" என்று கேட்டார். "இதை எனக்காண்டிச் செய்தனான் எண்டு ஒருத்தரிட்டையும் சொல்லிப்போடாத, பிள்ளை. நான் உன்னட்ட இதைக் கேக்கேல்லை."

தயாபரனை அடிக்க ஓங்கிய கை எங்கே போய் விழுந்தது என்று அன்றிரவுதான் அவளுக்குப் புத்தியில் ஏறியது. தன் தகப்பனைப் போலவே இன்னொரு தகப்பனை அவளே செய்துவைத்திருக்கிறாள்.

ஞாயிறு பூசைக்கும் போகாமல் ஸ்கூட்டியில் அக்கராயனுக்குப் போனாள். கைப்பையில் டக்சாயினியின் அந்தப் பக்கம். வழியெல்லாம் அறுவடை. வரம்போரம் லொறிகள் நின்றன, ஈர நெல்லை அள்ளிக் கட்டிக்கொண்டிருந்தார்கள்.

நடராசா வாசலுக்கு வந்து, "வாங்கோ மிஸ், இருங்கோ," என்று கதிரையை இழுத்துப் போட்டார். முற்றத்தில் வயல் உழுகிற ரக்ரர் நின்ற தடம் மட்டும் இருந்தது. ஆலைக் கட்டடத்துக்கு முற்பணமாகக் கொடுத்த காசு திரும்பாதாம். அதைச் சனத்துக்குத் தானே ஈடுகட்டுவதாகச் சொல்லி ரக்ரரை விற்றுவிட்டாராம். உதவி நிறுவனத்துக்கு வெள்ளிக்கிழமையே, எங்களுக்கு மில் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தாயிற்று.

"வைகாசியில வற்றாப்பளைக் கோயில் பொங்கலுக்கு நேந்து வண்டில் கட்டிக்கொண்டு போறனாங்கள், ஊரோட," என்றார். "இந்தமுறை என்னை வரவேண்டாம் எண்டு சொல்லிப்போட்டினம்."

ஆன்சலா அந்தப் பக்கத்தை நீட்டினாள். அவர் கண்ணாடியைப் போட்டு மெதுவாக வாசித்தார். மகளின் எழுத்தை விரலால் தொட்டார்.

"இதைப் பிள்ளை எனக்குக் காட்டேல்லை. அப்ப இது ஓடியிருக்கும்?"

"ஓம்."

"உங்களுக்கு வியாழக்கிழமையே தெரியுமோ, மிஸ்?"

"தெரியும்."

அவர் தாளை மடித்துத் திருப்பிக் கொடுத்தார். "பிள்ளை, மிஸ்ஸுக்குத் தேத்தண்ணி போடு," என்று உள்ளே பார்த்துக் கூப்பிட்டார். உள்ளே அறைக் கதவு சாத்தப்படும் சத்தம் கேட்டது. "குறை நினையாதேங்கோ," என்றார். "றோட்டில மாடு படுத்திருக்கும், பாத்துப் போங்கோ." ஒரு ஏச்சுப் பேச்சு இல்லை. ஏசியிருந்தால் அவள் மன்னிப்புக் கேட்டிருப்பாள்.

திங்கட்கிழமை டக்சாயினி வகுப்புக்கு வந்தாள். முதல் வரிசை வாங்கில் இருந்தாள், புதுக் கொப்பி ஒன்றைத் திறந்து ஒரு சொல் விடாமல் எழுதினாள். வகுப்பு முடிந்து எல்லாரும் போனபிறகு ஆன்சலா அவளுடைய மேசைக்குப் போனாள்.

"டக்சாயினி, நான் செய்தது பெரிய பிழை. உங்களிட்டச் சொல்லவேணும்."

பிள்ளை கொப்பியை மூடி நிமிர்ந்து பார்த்தாள். அந்தக் கண்ணில் அழுகை இல்லை. "மிஸ், இந்தப் பாடத்தை மேல்படிப்புக்கு எடுக்கிறதெண்டா என்ன செய்யவேணும்?"

"உங்களுக்கு மெசின் பக்கம்தானே விருப்பம்? ஏன் இது?"

"வடிவாப் படிக்கப்போறன். நீங்கள் எழுதின ஏதாவது ஒண்டு எண்டைக்கோ என்ர மேசைக்கும் வரும்தானே, மிஸ்."

மரியாதையாக, சத்தம் உயர்த்தாமல்தான் சொன்னாள். ஆன்சலாவுக்கு அந்தக் குரலை நன்றாகத் தெரியும். கட்டடம் கட்ட ஆசைப்பட்டுக் கம்பசுக்குப் போன அவளும், இரண்டாம் வருடத்தில் அதை விட்டுவிட்டு இந்தப் பாடத்தை எடுத்ததும் இதே எண்ணத்தில்தான்.

விண்ணப்பப் படிவம் எங்கே எடுப்பது, கடைசித் திகதி எது என்று அவள் ஒரு துண்டில் எழுதிக் கொடுத்தாள். டக்சாயினி அதை வாங்கிக் கொப்பிக்குள் வைத்துக்கொண்டு, நன்றி மிஸ் என்று சொல்லிவிட்டுப் போனாள்.